எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பதிமூன்றாவதில் என் வண்டி நின்றது. 2018 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. "ஏங்க, முன்னால புகை வருதுங்க" என்று மனைவி சொன்னபோது, முன்னே போன பஸ்ஸின் புகை என்றுதான் நினைத்தேன். பஸ் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. புகை எங்களோடேயே இருந்தது.

வண்டி 1997 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். நான் மெக்கானிக் இல்லை. மின்வாரியத்தில் 31 வருடம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். லைன் ஃபால்ட் தேடிப் பழகிய புத்தி. அந்தப் புத்தியை என் சொந்த வண்டிக்குப் பயன்படுத்தாமல் விட்டதில் ஒன்பதாயிரம் ரூபாய் போனது.

மலையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஒரு பட்டறையில் விட்டோம். பானட்டைத் திறந்து பத்து நொடி பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க சார், ஹெட்டை இறக்கியாகணும்" என்றார்கள். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடி, கேஸ்கெட் அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு. சரி என்றேன். இறக்கினார்கள், ஃபேஸிங் அடித்தார்கள் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாக இழைப்பது), புதுக் கேஸ்கெட் போட்டார்கள். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எங்கேயும் கருகிய தடம் இல்லை, அறுந்த இடம் இல்லை. அப்போதே சந்தேகம். மூன்றே வாரத்தில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் முள் மறுபடி சிவப்பைத் தொட்டது. மேம்பால வேலை நடந்த காலம், ஒரு சிக்னலைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும்.

அன்று இரவுதான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். லைனில் ஃபால்ட் என்றால் நாங்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பி?" என்றல்ல, "எப்போது போகிறது?" என்றுதான். மழை பெய்தால் போகிறதா, காற்றடித்தால் போகிறதா, சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்டால் போகிறதா. பதிலிலேயே பாதி இடம் தெரிந்துவிடும். வண்டி சூடாவதும் அப்படித்தான். எதையும் கழற்றும் முன்னே ஒரு வாரம் எழுதுங்கள்: நின்றுகொண்டிருந்தபோது ஏறியதா, ஓடும்போது ஏறியதா, மேட்டில் ஏறியதா, ஏ.சி. போட்டிருந்ததா, கிளம்பிய எத்தனையாவது நிமிடம், மறுநாள் காலை ரேடியேட்டரில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருந்தது.

சிக்னலில் நின்றால் ஏறி, நாற்பது ஐம்பதில் ஓட்டினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். நிற்கும்போது சும்மா இருந்து, பைபாஸில் எண்பதிலோ மேட்டிலோ ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் கீழ் ஓஸ் (ரப்பர் குழாய்) இவற்றில் ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்துக்குள் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் (சூடு ஏறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீரே இல்லாமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டும் சந்தேகத்துக்குரியதுதான். எப்போது வேண்டுமானாலும் முள் துள்ளி ஏறி துள்ளி இறங்குகிறது என்றால் எஞ்சினை விடுங்கள், சென்சார் ஒயரைப் பாருங்கள். தண்ணீர் அப்படி ஒரே நொடியில் சூடாவதும் ஆறுவதும் இல்லை.

என் நோட்டில் சிக்னலும் இருந்தது, மேடும் இருந்தது. முதலில் குழம்பினேன். கடைசியில் தெரிந்தது, கோளாறு ஒன்றல்ல, மூன்று. பழைய வண்டியில் இது சகஜம். ஒன்றைச் சரி செய்துவிட்டு, "இன்னும் சூடாகுதே, அப்போ அது காரணம் இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வழியில் முள் ஏறினால்

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் வேலை செய்யும் வண்டியானால், கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறங்கள். மே மாதத்தில் அது ஒரு தண்டனைதான். ஆனால் ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். அப்படியும் முள் சிவப்பை நோக்கிப் போனால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்ற அந்த இரண்டு கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைக்கிறது. மாருதி 800-இல் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் அதிகம் விரியும். போல்ட் பிடித்து இறுக்கியிருப்பதால் விரிய இடமில்லாமல் கோணிக்கொள்ளும்.

பதிமூன்றாவது வளைவில் நான் நின்றபோது, கீழிருந்து வந்த ஒரு டெம்போக்காரர் உதவிக்கு இறங்கினார். கையில் துண்டோடு நேரே ரேடியேட்டர் மூடிக்குப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். கொதிக்காமல் இருப்பதே மூடியின் அழுத்தத்தால்தான். மூடியைத் திருகிய நொடியில் ஆவியும் கொதிநீருமாக முகத்துக்கு வரும். வெயிட்டோடு இருக்கும் குக்கரை யாராவது திறப்போமா? முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஓஸைக் கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால்தான் மூடியைத் தொடலாம். தண்ணீர் ஊற்றுவதும் ஆறிய பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக. காய்ந்து கிடக்கும் சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும்.

மஞ்சள் தூள் வைத்தியமும் தெரிந்திருக்கும். பழைய லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் சின்னக் கசிவு என்றால் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஊர் வந்து சேர்வார்கள். உண்மையிலேயே அடைக்கும். ஓட்டையை மட்டும் அல்ல, நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய எஞ்சினில் கண்ணால் பார்ப்பது

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். பக்கத்து ரிசர்வ் பாட்டிலில் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டர் அரைக்காலியாகக் கிடந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்பதை மூடியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

அப்புறம் ஓஸ்கள். விரலால் அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, கிளிப் கடிக்கும் இடத்தில் மாவு பூத்தது போல் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தாலோ அங்கே கசிகிறது. ஓடும்போது கசிந்து, அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது. வாட்டர் பம்ப்பின் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஒழுகிய தடம் இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது, அதற்கு ரிப்பேர் பார்க்காதீர்கள், பம்ப்பையே மாற்றுங்கள். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குள் இறங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பம்ப் சரியாகச் சுற்றாது. எஞ்சின் ஓடும்போது இதில் எதிலும் கை வைக்க வேண்டாம். சட்டைக் கை, துண்டு, சேலைத் தலைப்பு எல்லாம் பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள். ஏ.சி. வண்டியானால் முன்னே கண்டென்சர், பின்னே ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் இருபது வருடத்துத் தூசி, ஈசல் இறகு, பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. என் வண்டியில் டார்ச்சை மேலிருந்து விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண தோட்டக் குழாயால் கழுவினேன். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை அருகில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

ஃபேன்: முதல் திருடன்

அம்பாசடர், ஃபியட் போன்றவற்றில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும். மாருதியில் மின்சார ஃபேன். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் ஒரு தெர்மோ சுவிட்ச் அதை ஓட்டும். வண்டியை நிழலில் நிறுத்தி ஓடவிட்டு, முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகும் வரை காத்திருங்கள். ஃபேன் தானாகக் கிளம்பி, ஓரிரு நிமிடம் ஓடி, நின்று, மறுபடி கிளம்ப வேண்டும்.

கிளம்பவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தால் தெர்மோ சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் இருந்தால் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒற்றை ஒயர் என்றால் அதை பாடியில் தொடுங்கள். சாவி ஆன் நிலையில் ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் கெட்டது. ஓடாவிட்டால் மோட்டார், ரிலே, ஒயர் என்று தேட வேண்டும். விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். சூடான எஞ்சினில் சில வண்டிகளின் ஃபேன் சாவியை அணைத்த பிறகும் திடீரென்று ஓடும்.

என் வண்டியில் ஃபேன் ஓடியது. பட்டறைக்காரர்களும் பார்த்து "ஃபேன் ஓடுது சார்" என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இதழ்களை ஒவ்வொன்றாக எண்ண முடிகிற வேகத்தில் ஓடியது. மின்சாரக்காரன் கண்ணுக்கு அது உறுத்தியது. லோ வோல்டேஜில் வீட்டு ஃபேன் சுற்றுமே, அதே சோம்பல். ஃபேன் மோட்டாரின் எர்த் ஒயர் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயர் போட்டேன். உடனே ஃபேன் கூவிக்கொண்டு எழுந்தது. ஆக மோட்டார் நல்லது, எர்த் சரியில்லை. அந்த ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், கீழே வறுத்த சேமியா நிறத்தில் துரு. உப்புத் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். உப்புத் தாளும் வாசலினும் சேர்த்து முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. ஐந்து ரோடு பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இன்னொன்று. யாராவது ஃபேன் மோட்டாரை மாற்றியிருந்தால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது ஃபேன் திருப்பிச் சுற்றும். சுற்றுவதைப் பார்த்து இது தெரியாது. தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, ஃபேன் ஓடும்போது வண்டிக்கு முன்னால் கிரில் அருகே விடுங்கள். மாருதியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் தாளை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். தள்ளிவிட்டால், ஓடும் வண்டியில் முன்னிருந்து வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு ஓஸ்களின் சூடு

ஆயிரம் ரூபாய்க்குள் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இல்லை. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். இது முந்நூறு டிகிரிக்கு மேலும் காட்டும் தொழிற்சாலைச் சாமான். கறுப்பு ரப்பர் ஓஸில் நன்றாகவே வாசிக்கும். பளபளக்கும் உலோகத்தில் குறைவாகக் காட்டி ஏமாற்றும். அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வருவது மேல் ஓஸ். ஆறிய தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்புவது கீழ் ஓஸ். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை: ஃபேன், தூசி, மடங்கிய தகடு. மேலே கொதியாகவும் கீழே ரொம்பவும் ஆறிப்போயும் இருந்தால், தண்ணீர் உள்ளே நகரவே திணறுகிறது: அடைப்பு, அல்லது பம்ப். முள் சிவப்பில் இருக்க, மேல் ஓஸே வெதுவெதுப்பாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

என் அளவு: மேல் 103, கீழ் 61. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தெர்மாமீட்டரை ஓட்டினேன். நடுவில் ஒரு பட்டை தொண்ணூறு சொச்சம். வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் ஐம்பது. அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவே இல்லை.

காரணம் தேட தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சும் குண்டாவுக்குள் பாருங்கள், விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்கிற வெள்ளைப் படிவு. ஏற்காடு போகிற வழியிலேயே வெள்ளைக்கல் மலைகள் இருக்கிற ஊர் இது. நிலத்தடித் தண்ணீர் உப்பு. இருபது வருடம் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறோம், நானும் எனக்கு முன்னால் வைத்திருந்தவரும். சூட்டில் ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கி, குழாய்க்குள் ஓடு கட்டிவிட்டது.

என்னுடையது செம்பு, பித்தளை ரேடியேட்டர். ரேடியேட்டர் பற்றவைக்கும் கடையில் மேல் டாங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடினார்கள். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பியோடு வந்தது பல் துலக்கும் பொடி மாதிரி இருந்தது. ஒரு டீ கிளாஸ் நிறைய. பிளாஸ்டிக் டாங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வைத்தியம் நடக்காது, மாற்றுவதுதான் வழி. கக்கூஸ் கழுவும் ஆசிடை ஊற்றிச் சுத்தம் செய்யச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். படிவு கரையும், கூடவே அலுமினிய ஹெட்டும் கரையும்.

கீழ் ஓஸில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். ஓஸ் பழசாகித் தளர்ந்திருந்தால், ரேஸ் கொடுக்கும்போது உறிஞ்சலில் சப்பிப்போய் வழியை மூடிக்கொள்ளும். ஐடிலிங்கில் பார்த்தால் உருண்டையாக அப்பாவியாக இருக்கும். ஒருவர் ஆக்ஸிலேட்டரை அழுத்த, இன்னொருவர் தள்ளி நின்று ஓஸைப் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க?" என்று கழற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. என் வண்டியிலும் முன்பே யாரோ கழற்றியிருந்தார்கள். எனக்கு இது பிடிக்காத வேலை. எஞ்சின் ஓட வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். நோயையும் மறைத்துவிடும்: சமவெளியில் ஓட்டும்போது முள் கீழே கிடப்பதால் ரேடியேட்டர் அடைபட்டு வருவது தெரியாது, மலையேறும்போதுதான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சோதிப்பது சுலபம். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேல் எத்தனை டிகிரி என்று பொறித்திருக்கும். நான் புதுசாக வாங்கியதில் 82. அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, கொதிநிலைக்கு அருகே முழுதாகத் திறக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் வாயைத் திறக்கவில்லை என்றால் புதுசு வாங்குங்கள். பொருத்தும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், காற்று போக விடும் சின்ன ஊசி வால்வு இருந்தால் அது மேல் பக்கம். சமையலறைப் பாத்திரத்தை எடுக்கும் முன் அனுமதி வாங்கிக்கொள்ளவும். நான் வாங்கவில்லை.

மூடி

ரேடியேட்டர் சரியானது, ஃபேன் சரியானது, தெர்மோஸ்டாட் புதுசு. மறுபடி ஏற்காடு ஏறினேன். பதினேழாவது வளைவு அருகே, முள் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, ஆனால் பானட்டுக்குள் கொடகொடவென்று சத்தம். ரிசர்வ் பாட்டில் பொங்கி வழிகிறது. சூடே ஆகாமல் எப்படிக் கொதிக்கிறது?

பதில் பருப்பு வேக வைப்பதில் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. எஞ்சினோ தொண்ணூறு டிகிரியை ஒட்டியே ஓடுவது. மூடி நன்றாக இருந்தால் அழுத்தம் கூடும், சமவெளியில் 0.9 என்று பொறித்த மூடி தண்ணீரை 118 டிகிரி வரை கொதிக்க விடாது. என் மூடியின் ரப்பர் வளையம் அப்பளம் மாதிரி காய்ந்து விரிந்திருந்தது. வெயிட் போடாத குக்கர்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும். மூடியின் நடுவிலிருக்கும் சின்ன வால்வு திறந்து, பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச விட வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும். காலையில் மேல் ஓஸ் சப்பிப்போய்க் கிடந்தால் குற்றவாளி இதுதான். மூடிக்கு ஆகும் செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு. கழற்றிப் பார்க்காமல் புதுசு போட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் பழைய மூடியில் எந்த எண் இருந்ததோ அதே எண் வாங்குங்கள். அதிக அழுத்தத்து மூடி நல்லது என்று நினைத்துப் போட்டால் இருபது வருட ஓஸ் வெடிக்கும்.

ஹெட் கேஸ்கெட்டை எப்போது சந்தேகப்படலாம்

கசிவே இல்லாமல் தண்ணீர் தினமும் குறைவது. காலை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல் மாதிரி விறைப்பது. மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டர் கழுத்தில் குமிழி நிற்காமல் வருவது. சைலென்சரில் எஞ்சின் சூடான பிறகும் ஓயாத வெள்ளைப் புகை. ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி பால் நிறக் குழம்பு. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், பக்கத்துக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டியில் ஈரம் கோத்தும் இப்படி வரும், டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் பயப்பட வேண்டும். இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வந்தால் ஹெட்டை இறக்கச் சம்மதிக்கலாம்.

இறக்குவதற்கு முன் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் ஒன்றும் உண்டு, சிலிண்டர் காற்று தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாகிவிடும். இறக்கிய பிறகு ஹெட்டின் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது நுழைகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் ஃபேஸிங் எதற்கு? நான் அன்று இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மற்றவை சில்லறை. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், கார்புரேட்டர் மிக்சர் பெட்ரோல் குறைவாக இருந்தாலும், பிரேக் ஒட்டிப் பிடித்தாலும் எஞ்சின் சூடாகும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் சூட்டையும் அதே தெர்மாமீட்டரில் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக். மேட்டில் மூன்றாவது கியரில் முக்கவிட்டு ஏறாதீர்கள், இரண்டில் போட்டால் பம்ப் வேகமாகச் சுற்றும்.

கூலன்ட் ஊற்றுவது

பழையதை முழுதாக வடித்து, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். கூலன்ட் டப்பாவில் "கலந்து ஊற்ற" என்று இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். நமக்குப் பனி பயமில்லை என்றாலும் துரு பயம் உண்டு, கூலன்ட் அதற்குத்தான். வடித்ததைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும். எங்கள் வீட்டு வாசல் சாய்தளமே போதும். ஹீட்டரைத் திறந்து, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஓஸ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால் எல்லாம் புதுசாக இருந்தும் வண்டி சூடாகும், நீங்களும் மறுபடி ஹெட் கேஸ்கெட் என்று கிளம்பிவிடுவீர்கள்.

நோட்டில் அந்த வருடத்துக் கடைசிப் பதிவு இது: "மே 27. நான்கு பேர், ஏ.சி. போடவில்லை. இருபதாவது வளைவு. மேல் ஓஸ் 92, கீழ் 77. முள் பாதி. பாட்டில் மட்டம் கிளம்பியபோது இருந்த கோட்டிலேயே."

அதற்குக் கீழே என் மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி: "கேட்காமல் எடுத்த என் பாத்திரம் இன்னும் திரும்ப வரவில்லை."